நியூகாசிலில் ஒரு கிழட்டு நாயும் மூன்று கோழிகளும்: வீடு பார்த்துக்கொள்ளப் போகிறவர்கள் படிக்கட்டும்

2 செப்டம்பர் 2024 (வாசகர் ஒருவரின் கேள்வி)

அப்பா போன மாதம் ஓய்வு பெற்றுவிட்டார். அம்மாவும் அவரும் ஜனவரியில் மூன்று மாதம் பார்வையாளர் விசாவில் வருகிறார்கள். நாங்கள் சிட்னியில் இருப்பது ஒரே படுக்கையறை உள்ள வீடு. நியூகாசில் கடற்கரைப் பக்கம் வீட்டையும் நாயையும் பார்த்துக்கொள்ள ஆள் தேவை என்று நிறைய விளம்பரம் வருகிறது. நாய்க்குச் சாப்பாடு வைத்து, செடிக்குத் தண்ணீர் ஊற்றினால் வாடகை இல்லாமல் தங்கலாமாம். அப்பா அம்மாவை ஒரு மாதம் அப்படி ஒரு வீட்டில் இருக்கச் சொல்லலாமா? கடலும் பார்த்த மாதிரி இருக்கும். இதில் பெரிதாக என்ன வேலை இருக்கப்போகிறது?

3 செப்டம்பர் 2024

வேண்டாம். முதல் காரணம் விசா. 600 வகை பார்வையாளர் விசாவில் 8101 என்று ஒரு நிபந்தனை வரும், வேலை செய்யக் கூடாது என்பது அதன் பொருள். ஆஸ்திரேலியக் குடியேற்ற விதிகளில் வேலை என்றால் சம்பளம் வாங்குவது மட்டும் இல்லை. பொதுவாக ஊதியம் கொடுத்துச் செய்விக்கப்படும் எந்தக் காரியமும் வேலைதான். நாயைப் பார்த்துக்கொள்ள இங்கே நாள் கணக்கில் காசு கொடுக்கிறார்கள். அதைச் செய்து பதிலுக்கு வீட்டில் தங்கினால், அது வேலை இல்லை என்று விமான நிலையத்தில் நின்று வாதாட வேண்டிய நிலைமை உங்கள் அப்பாவுக்கு எதற்கு?

இரண்டாவது காரணம் வேலை. இரண்டு வருடத்தில் நியூகாசிலில் ஆறு வீடுகள் பார்த்திருக்கிறேன். மகள் அங்கே பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். என் கணக்கு வேலையை எங்கிருந்தும் செய்யலாம். சிட்னிப் பக்கம் வெண்ட்வர்த்வில்லில் இருந்து வாரா வாரம் மூன்று மணி நேரம் ரயிலில் போய்வருவதை விட, அங்கேயே ஒரு வீட்டைப் பார்த்துக்கொண்டு இருக்கலாம் என்று ஆரம்பித்தது. இதை வாடகை இல்லாத வீடு என்று நினைத்துக்கொண்டு போகிறவர்கள் பத்தாவது நாளே சலித்துப்போவார்கள். ஒருவர் வீட்டுச் சாவியையும் அவர்கள் வீட்டு உயிரையும் சேர்த்துக் கையில் வாங்குகிறோம்.

ஒன்று மட்டும் சொல்லிவைக்கிறேன். வீட்டுக்காரருக்குத் தினமும் போன் அடிக்காதீர்கள். அவர்கள் நிம்மதியாக ஊர் சுற்றத்தான் நம்மை வைத்துவிட்டுப் போகிறார்கள். வாரம் ஒரு புகைப்படம் போதும்.

3 செப்டம்பர், இரவு

ஒருவர் கேட்டிருக்கிறார்: வீட்டைப் பூட்டிவிட்டு, நாயை விடுதியில் விட்டுப் போகலாமே, எதற்கு முன்பின் தெரியாத ஆளை வீட்டுக்குள் விடுகிறார்கள்? வயதான நாய்க்கு விடுதி ஒத்துக்கொள்ளாது. அப்புறம் காப்பீடு. 60 நாளுக்கு மேல் வீடு ஆளில்லாமல் கிடந்தால் சில சேதங்களுக்குப் பணம் கிடையாது என்று பல ஒப்பந்தங்களில் எழுதியிருக்கும். கடலோர வீடு என்றால் இன்னும் ஒன்று உண்டு. ஆறு வாரம் சன்னலைத் துடைக்காமல் விட்டால் உப்பு படிந்து கீல் இறுகிப்போகும். நான் தூத்துக்குடிக்காரி, எனக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

7 செப்டம்பர் 2024

இன்று புது வீட்டுக்கு வந்துவிட்டேன். நியூகாசிலின் மெரிவெதர் மேட்டில், கிளென்ராக் காட்டுப்பகுதியை ஒட்டிய தெரு. அக்டோபர் 19 வரை ஆறு வாரம். வீட்டுக்காரர்கள் அறுபதைத் தாண்டிய தம்பதி, ஸ்காட்லாந்தில் மேற்கு ஹைலேண்ட் பாதையில் 154 கிலோமீட்டர் நடக்கப் போயிருக்கிறார்கள். அதற்கு முன்னும் பின்னும் உறவினர் வீடுகள்.

டஸ்டி, 13 வயது, கெல்ப்பி கலப்பு. ஆடு மேய்க்கிற சாதி. மேய்க்க ஆடு இல்லாததால் கோழிகளை மேய்க்கிறான். கோழிகள் மூன்று. இரண்டு ஐசா பிரவுன், ஒன்று கறுப்பு ஆஸ்ட்ரலார்ப்.

குளிர்சாதனப் பெட்டிக் கதவில் இரண்டு பக்கக் குறிப்பு ஒட்டியிருக்கிறது. குறிப்பை வைத்தே வீட்டுக்காரரை அறிந்துகொள்ளலாம். காபி இயந்திரத்துக்கு ஒன்பது வரி, நாய்க்கு நான்கு வரி எழுதிய வீட்டையும் பார்த்திருக்கிறேன். இந்த அம்மா நாய்க்கு ஒன்றரைப் பக்கம் எழுதியிருக்கிறார். எந்தப் படியில் தயங்குவான், எந்தச் சத்தத்துக்குக் கட்டிலுக்கு அடியில் போவான், சாப்பிட்டதும் முகத்தை எந்தத் துண்டில் துடைக்க வேண்டும், எல்லாம் இருக்கிறது. பக்கத்திலேயே ஒரு பழைய புகைப்படம். 2007 ஜூன் 8 புயலில் நாபிஸ் கடற்கரையில் தரைதட்டிய பாஷா பல்கர் கப்பல், அதன் முன்னால் மழைக்கோட்டில் இவர்கள் இருவரும். அந்தக் கப்பலை மீட்டுக் கடலில் விட ஜூலை 2 ஆகிவிட்டதாம். ஊரே வேடிக்கை பார்க்கப் போயிருக்கிறது.

12 செப்டம்பர் 2024

நாயின் நாள் இப்படிப் போகிறது. ஆறு மணிக்கு மூக்கால் என் முழங்கையை இடிப்பான். ஆறரைக்குச் சாப்பாடு. ஏழு மணிக்கு நடை. ஹார்ஸ்ஷூ கடற்கரைக்குக் காரில் கூட்டிப்போக வேண்டும், துறைமுக வாயிலை ஒட்டிய சின்னக் கடற்கரை. அங்கே கயிற்றை அவிழ்த்துவிடலாம். நடந்தால் எட்டிவிடும் தூரத்தில் இருக்கும் நாபிஸ் மணலில் நாயை விடக் கூடாது. புதிதாக வருகிறவர்கள் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாமல் மாட்டிக்கொள்வார்கள்.

ஹார்ஸ்ஷூவில் மூன்று கிலோமீட்டர் ஓடுவான் என்று நினைத்தேன். தண்ணீரில் நான்கு காலும் நனையும் வரை போய் நின்று, நிலக்கரி ஏற்ற வரும் கப்பலைப் பார்த்துக்கொண்டே இருக்கிறான். இழுவைப் படகு ஊதினால் பதிலுக்கு ஒரு குரைப்பு. அதோடு அவன் கடற்கரை வேலை முடிந்தது. உலகத்திலேயே அதிக நிலக்கரி ஏற்றுமதி ஆகும் துறைமுகம் இது. தூத்துக்குடியில் அனல்மின் நிலையத்துக்கு நிலக்கரி வந்து இறங்குவதைப் பார்த்து வளர்ந்தவள் நான். இங்கே ஏற்றுவதைப் பார்க்கிறேன். சன்னல் விளிம்பில் படியும் கறுப்புத் தூசி மட்டும் இரண்டு ஊரிலும் ஒன்றுதான்.

பின்னங்கால் கொஞ்சம் பலவீனம், மரத்தரையில் சறுக்குகிறான். வயதுதான்.

மணலில் மட்டும் கண்ணை எடுக்கக் கூடாது. அலை ஒதுக்கிய பேத்தை மீன் கிடக்கும். செத்துக் காய்ந்தாலும் அதன் விஷம் போகாது. நாய் கவ்விவிட்டால் ஆபத்து. கோடையில் வடகிழக்குக் காற்று அடித்தால் நீலச் சொறி என்னும் கொட்டும் கடல் உயிர் வந்து ஒதுங்கும், நாய்கள் அதையும் மோந்து பார்க்கப் போகும்.

13 செப்டம்பர்

நம் சமையல் பற்றிக் கேட்ட தம்பிக்கு. வெங்காயமும் பூண்டும் நாய்க்கு ஆகாது, இரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். சாம்பார் சோற்றுப் பாத்திரத்தை நக்கவும் விடாதீர்கள். ஊரில் தெருநாய் தின்னவில்லையா என்று கேட்காதீர்கள், அந்த நாய் என்ன ஆனது என்று யாரும் போய்ப் பார்த்ததில்லை. திராட்சை, சாக்லேட், மக்கடேமியா கொட்டை, எல்லாம் கூடாது. மக்கடேமியா இந்த மண்ணின் மரம், கொல்லையிலேயே நிற்கும், கீழே விழுந்ததைப் பொறுக்கிவிட வேண்டும். பூனை உள்ள வீட்டுக்கு லில்லிப் பூங்கொத்து வாங்கிக்கொண்டு போகாதீர்கள். மகரந்தத்தை நக்கினாலே சிறுநீரகம் போய்விடும்.

20 செப்டம்பர் 2024

கோழியைப் பற்றி எழுதச் சொல்லி இரண்டு பேர். எழுதுகிறேன், எனக்கும் ஆசைதான்.

ஆச்சி வீட்டில் பஞ்சாரம் இருந்தது. சாயங்காலம் ஆனால் கோழியைத் துரத்திப் பிடித்துக் கவிழ்த்து வைப்பது என் வேலை. இங்கே துரத்த வேண்டாம், வெளிச்சம் மங்கினால் தானே கூண்டுக்குள் போய்விடும். கதவை மூடித் தாழ் போடுவதுதான் என் வேலை. ஒரு ராத்திரி மறந்தால் நரி வந்துவிடும். காட்டில் மட்டும் இல்லை, ஊருக்குள்ளும் நரி உண்டு. இரண்டு பழுப்பும் ஒழுங்காகப் போய்ப் படுத்துவிடும். கறுப்பு மட்டும் எலுமிச்சை மரத்தின் தாழ்ந்த கிளையில் ஏறி உட்கார்ந்துகொள்ளும். இரண்டு கையாலும் சிறகோடு சேர்த்து எடுத்தால் ஒரு சத்தமும் போடாது. உள்ளங்கையில் அதன் நெஞ்சு படபடவென்று அடிப்பது தெரியும், கூண்டுக்குள் கம்பில் வைத்ததும் அடங்கிவிடும். டஸ்டி பின்னாலேயே வந்து, மூன்றும் உள்ளே போன பிறகுதான் வீட்டுக்குத் திரும்புவான்.

நேற்று மத்தியானம் நல்ல வெயில். நான்கு மணிக்குத் தெற்குக் காற்று திரும்பியது. கால் மணி நேரத்தில் கொடித் துணி வேலிக்கு அந்தப் பக்கம். சன்னலை எல்லாம் ஓடி ஓடி மூடினேன். குறிப்பில் இது இல்லை. கடலோரத்தில் வெளியே போகும்போது சன்னலை மூடிவிட்டுப் போங்கள், வானம் எப்படி இருந்தாலும் சரி.

ஒரு சின்னப் புதிர். காலையில் புல்வெளியில் புனல் மாதிரி கூம்பான குட்டிக் குழிகள், விரல் நீளத்துக்கு, ஐந்தாறு. டஸ்டி தோண்டியது இல்லை, அவன் ராத்திரி உள்ளேதான் படுக்கிறான். யாருக்காவது தெரியுமா?

21 செப்டம்பர்

குழி தோண்டுவது பாண்டிகூட் என்று இரண்டு பேர் எழுதியிருக்கிறார்கள், நன்றி. மூக்கு நீண்ட சின்னப் பிராணி, பைப்பாலூட்டி, புழு தேடித் தோண்டுமாம். நல்ல விருந்தாளி என்று மகள் சொல்கிறாள்.

இன்று டஸ்டிக்கு மாதாந்திர உண்ணி மாத்திரை கொடுக்கும் நாள். பாலாடைக்கட்டியில் பொதித்துக் கொடுத்தாயிற்று. குறிப்பில் டிக் அடித்துவிட்டேன். உண்ணிப் பயம் ஒரு மாதத்துக்கு இல்லை.

6 அக்டோபர் 2024

இன்று அதிகாலை கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளிவிட்டார்கள். டஸ்டிக்கு யாரும் சொல்லவில்லை. ஏழு மணிக்குத்தான் முழங்கையை இடித்தான். குறிப்பில் ஆறரைக்குச் சாப்பாடு என்று இருக்கிறது, அவன் வயிற்றில் ஏழரைக்கு என்று இருக்கிறது. தினம் கால் மணி நேரமாக முன்னால் கொண்டுவருகிறேன். வீட்டுக்காரர்களுக்கும் நமக்கும் இனிப் பத்து மணி நேர வித்தியாசம்.

10 அக்டோபர் 2024, மதியம்

தூங்கவில்லை. ஆனாலும் இப்போதே எழுதிவிட வேண்டும்.

செவ்வாய் மதியம் தபால்காரர் வந்தார். மூன்று சக்கர வண்டிச் சத்தம் கேட்டாலே டஸ்டி கேட்டுக்கு ஓடிக் குரைப்பான். அன்றைக்குக் குரைத்தான், ஆனால் சத்தம் துணியை வாயில் கட்டிக்கொண்டு குரைப்பது மாதிரி வந்தது. தொண்டை கட்டியிருக்கும் என்று நினைத்தேன். கறுப்புக் கோழியை எடுக்கப் போனபோது பின்னாலேயே வரவில்லை, படியிலேயே உட்கார்ந்திருந்தான். அதையும் பார்த்தேன். பார்த்துவிட்டுக் கோழியைத் தூக்கிக்கொண்டு போனேன்.

நேற்றுக் காலை பின்னங்கால் வழுக்கியது. வயது என்றுதான் செப்டம்பர் 12-ஆம் தேதியே எழுதிவைத்திருக்கிறேனே. சாயங்காலம் எட்டரைக்குச் சாப்பிட்டதை அப்படியே கக்கினான். எழுந்து நிற்கப் பார்த்தான், இடுப்பு ஒரு பக்கமாகச் சாய்ந்து விழுந்தது. அப்போதுதான் விரலை ரோமத்துக்குள் விட்டுத் தேட ஆரம்பித்தேன். மூக்கில் இருந்து, கன்னம், கழுத்துப்பட்டைக்கு அடியில். இடது காதின் அடிமடிப்பில் பட்டாணி அளவுக்குக் கெட்டியாக ஒன்று தட்டுப்பட்டது. ரோமத்தை விலக்கி விளக்கைப் பிடித்தால் சாம்பல் நிறம், உப்பிப்போய், கால்கள் எல்லாம் முன்னால் தோலோடு ஒட்டிக்கொண்டு.

பக்கவாத உண்ணி. கிழக்குக் கடற்கரை நெடுக, வடக்குக் குயின்ஸ்லாந்தில் இருந்து விக்டோரியாவின் கிழக்கு வரை, கடலை ஒட்டிய பட்டையில் இருக்கிறது. ஒட்டிக்கொண்டு இரத்தம் குடிக்கும்போதே எச்சிலில் நஞ்சை விடும். மூன்று நான்கு நாள் கழித்துத்தான் குறி தெரியும். குரல் மாறும், பின்னங்கால் தள்ளாடும், கக்கும், அப்புறம் முன்னங்கால், கடைசியில் மூச்சு. உண்ணியைப் பிடுங்கிய பிறகும் ஒரு நாள், இரண்டு நாள் மோசமாகிக்கொண்டே போகலாம்.

இரவு மருத்துவமனைக்குப் போன் அடித்தபோது தண்ணீர்க் கிண்ணத்தை அவன் வாய்க்கு அருகே பிடித்துக்கொண்டிருந்தேன். அந்தப் பெண் முதலில் சொன்னது, கிண்ணத்தை எடுத்துவிடுங்கள், விழுங்க முடியாது, நுரையீரலுக்குள் போய்விடும். சோறு, தண்ணீர், வாய்வழி மருந்து எதுவும் கூடாது. உண்ணியைத் தோலை ஒட்டிப் பிடித்து எடுங்கள், ஒரு டப்பாவில் போட்டு எடுத்து வாருங்கள். மகள் வந்து பின்னிருக்கையில் அவனைப் பிடித்துக்கொண்டாள்.

முறிமருந்து ஏற்ற வேண்டும். அதற்கு முன் யார் பணம் கட்டுவது, யார் கையெழுத்து? கட்டிவிட்டேன், என் அட்டையில். பணம் பெரிய விஷயம் இல்லை. அடுத்து மருத்துவர் கேட்டதுதான் விஷயம். 13 வயது. மூச்சு நின்றால் இயந்திரத்தில் வைக்கட்டுமா, அல்லது அதோடு விட்டுவிடட்டுமா?

ஸ்காட்லாந்தில் அப்போது பகல் பதினொரு மணி. போன் போகவில்லை. மலைக்கு நடுவில் எங்கேயோ நடந்துகொண்டிருக்கிறார்கள். குறிப்பில் அவசரத்துக்கு என்று தங்கையின் எண் இருந்தது, அவரும் எடுக்கவில்லை. ஒன்றரைப் பக்கக் குறிப்பில் எந்தத் துண்டில் முகம் துடைப்பது என்று இருக்கிறது, இது இல்லை. அவர்களும் எழுத நினைக்கவில்லை, நானும் கேட்க நினைக்கவில்லை. ஆறு வீடு பார்த்தவள்.

அவர்கள் கூப்பிடும் வரை எல்லாம் செய்யுங்கள் என்றேன். சரியா தப்பா என்று இப்போதும் தெரியவில்லை. என் நாயாக இருந்தால் வேறு மாதிரி சொல்லியிருப்பேனோ என்று விடிய விடிய யோசித்துக்கொண்டு இருந்தேன்.

காலை ஐந்து மணிக்குக் கூப்பிட்டார்கள். அங்கே மாலை ஏழு, ஏதோ விடுதிக்கு வந்து சேர்ந்திருக்கிறார்கள். அந்த அம்மா முதலில் கேட்டது, அவன் பக்கத்தில் யாராவது இருக்கிறீர்களா? இருக்கிறேன் என்றேன். அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் இரண்டு பேரும் பேசவில்லை.

இயந்திரம் தேவைப்படவில்லை. ஆக்சிஜன் வைத்திருக்கிறார்கள். வேறு உண்ணி இருக்கிறதா என்று பார்க்க உடம்பு முழுக்க ரோமத்தை மழித்துவிட்டார்கள்.

11 அக்டோபர்

செப்டம்பர் 3-ஆம் தேதி நான் எழுதியதைத் திருத்துகிறேன். வாரம் ஒரு புகைப்படம் போதும் என்றது தப்பு. செவ்வாய்க்கிழமை அந்தக் குரைப்பைப் பதிவு செய்து அனுப்பியிருந்தால், பதின்மூன்று வருடம் அந்தக் குரலைக் கேட்டவருக்கு ஒரு நொடியில் தெரிந்திருக்கும். ஐந்து வாரம் கேட்ட எனக்குத் தெரியவில்லை. புதிதாக எது தெரிந்தாலும் அன்றைக்கே சொல்லிவிடுங்கள். பயமுறுத்தாமல் சொல்லலாம்.

செப்டம்பர் 12-ஆம் தேதி "வயதுதான்" என்றதையும் திருத்த வேண்டும். அன்றைக்கு அது வயதாகவே இருந்திருக்கும். ஆனால் ஒரு தடவை பேர் வைத்துவிட்டால் அப்புறம் கண் பார்ப்பதை விட்டுவிடுகிறது.

பாண்டிகூட் நல்ல விருந்தாளிதான், ஆனால் இந்த உண்ணியைச் சுமந்து வருவதே அது. அதற்கு ஒன்றும் ஆகாது. புல்லில் கூம்புக் குழி பார்த்தால் நாயைத் தடவிப் பார்க்கும் வேலையை இரண்டு மடங்காக்குங்கள்.

13 அக்டோபர் 2024

நேற்று டஸ்டி வீட்டுக்கு வந்துவிட்டான். ரோமம் இல்லாமல் பாதி உருவம். முழங்கையை இடிக்கவில்லை, இடித்த மாதிரி தலையைக் கொண்டுவந்து வைத்தான். கடற்கரை கிடையாது, வெயில் கிடையாது, இரண்டு வாரம் ஓட்டம் கிடையாது.

இன்று அவன் படுக்கையைத் துவைக்க உறையைக் கழற்றினேன். மடிப்புக்குள் பழுப்பாக, ஒரு ஓரம் மட்டும் நனைந்து காய்ந்து, காய்ந்த பாலாடைக்கட்டி ஒட்டிக்கொண்டு, மாத்திரை.

கொள்ளென்றால் வாயைத் திறக்கும் குதிரை கடிவாளமென்றால் மூடிக்கொள்ளும் என்பார்கள். பாலாடைக்கட்டியைத் தின்றுவிட்டு மாத்திரையை வாயோரத்தில் வைத்திருந்து, படுக்கையில் கொண்டுபோய் ஒளித்திருக்கிறான். கொடுத்தேன் என்று டிக் அடித்தேன். விழுங்கினானா என்று பார்க்கவில்லை. மாத்திரையைப் படம் எடுத்து வீட்டுக்காரருக்கு உடனே அனுப்பிவிட்டேன். அனுப்பாமல் இருந்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது, ஆனால் மறுபடியும் அவர் பாலாடைக்கட்டியில்தான் கொடுத்திருப்பார்.

14 அக்டோபர்

சிலர் கேட்டதால், தினம் ராத்திரி நான் இப்போது செய்வது. விளக்கு வேண்டாம், கண்ணை விட விரலுக்குத்தான் தெரியும். மூக்கில் இருந்து ஆரம்பித்து ரோமம் போகும் திசைக்கு எதிராக, தோலைத் தொட்டபடி. உதட்டு மடிப்பு, கண்ணோரம், காதின் உள்ளும் அடியும், கழுத்துப்பட்டையைக் கழற்றி அதன் கீழ், முன்னங்கால் அக்குள், கால் விரல் இடுக்கு, வால் அடி. பெரும்பாலும் தலையிலும் கழுத்திலும்தான் இருக்கும். ஒன்று கிடைத்தால் நிறுத்தாதீர்கள், இரண்டாவதும் இருக்கலாம். மாத்திரை போட்ட நாய்க்கும் தடவிப் பார்க்கத்தான் வேண்டும். பூனைக்கும் இதே. பத்து நிமிடம் ஆகும். ரேடியோ கேட்டுக்கொண்டே செய்தால் அவன் தூங்கிவிடுகிறான்.

19 அக்டோபர் 2024

வந்துவிட்டார்கள். மருத்துவமனைச் செலவு 2,640 டாலர், காரில் இருந்து பெட்டியை இறக்கும் முன்பே என் கணக்குக்கு அனுப்பிவிட்டார்கள். மாத்திரை விஷயத்துக்கு நான் பாதி ஏற்றுக்கொள்கிறேன் என்றேன். அந்த அம்மா கேட்கவில்லை. "அவன் எனக்கும் இதைச் செய்திருக்கிறான், நான் படுக்கையைத் துவைக்கவே மாட்டேன்" என்றார்.

டஸ்டி அவர்களைப் பார்த்ததும் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அது அப்படித்தான் இருக்க வேண்டும். சாயங்காலம் கிளம்பும்போது கோழிக்கூண்டுத் தாழை ஒரு தடவை போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.

இனி எந்த வீட்டுக்கும் போகும் முன் மூன்று விஷயம் எழுத்தில் வாங்காமல் சாவி வாங்கமாட்டேன். அவர்கள் மருத்துவரிடம் என் பெயரைச் சொல்லிவைத்த கடிதம். எத்தனை டாலர் வரை என் சொல்லில் செலவு செய்யலாம் என்ற தொகை, அவர்கள் அட்டையோடு. கடைசியாக, போன் எடுக்க முடியாத நேரத்தில் உயிர் விஷயமாக அவர்கள் விருப்பம் என்ன என்பது. மூன்றாவதைக் கேட்பது சங்கடம். பயணம் கிளம்புகிறவர்களிடம் சாவைப் பற்றிப் பேசுவதா என்று இருக்கும். கேட்டுவிடுங்கள்.

20 அக்டோபர்

தம்பி, உங்கள் முதல் கேள்வியில் "இதில் பெரிதாக என்ன வேலை" என்று இருந்தது. அதற்கு முழுப் பதில் இப்போதுதான் எழுதி முடித்தேன் என்று நினைக்கிறேன். அப்பா அம்மாவுக்குக் கடல் காட்ட வேண்டும் என்றால் நான்கு நாள் அறை எடுங்கள். போகி ஹோலில் இறங்கி உட்காரச் சொல்லுங்கள், 1819 வாக்கில் கைதிகளை வைத்துப் பாறையில் வெட்டிய குளம். படி செங்குத்து, அம்மாவைக் கையைப் பிடித்து இறக்குங்கள். பின்வாங்கும் அலையின் சத்தத்தை உங்கள் அப்பா மறக்கமாட்டார்.

8 பிப்ரவரி 2025

பெற்றோர் வந்து, ஹார்ஸ்ஷூவில் பிடித்த படத்தைத் தம்பி அனுப்பியிருந்தார். அவர் அப்பா முன்பின் தெரியாத நாய்க்குப் பந்து எறிந்துகொண்டிருக்கிறார். சந்தோஷம்.

மெரிவெதர் வீட்டில் இருந்து கடிதம். ஈஸ்டருக்கு மறுபடியும் வர முடியுமா என்று கேட்டுப் புதுக் குறிப்பை இணைத்திருக்கிறார்கள். காபி, குப்பைத்தொட்டி, கோழி எல்லாம் பழையபடி. டஸ்டிக்கு இப்போது இரண்டு பக்கம். மாத்திரையை அரைத்த கோழிக்கறியில் கொடுத்து, வாயைத் திறந்து பார்த்து, ஐந்து நிமிடம் கூடவே உட்காரவும் என்று இருக்கிறது. கீழே, தட்டச்சு செய்யாமல் பேனாவால் எழுதியது:

"எங்களைப் பிடிக்க முடியாவிட்டால் மருத்துவர் சொல்கிற சிகிச்சை எல்லாம் செய்யலாம். இயந்திரம் வேண்டாம். அதுவரை வந்துவிட்டால் வலி இல்லாமல் போகவிடுங்கள், காத்திருக்க வேண்டாம். நீங்கள் அவன் பக்கத்தில் இருந்தால் போதும்."

வருகிறேன் என்று எழுதிவிட்டேன். ஏப்ரல் 12 முதல் 27 வரை.